இரண்டரை இதயம்

அக்டோபரில் எங்கள் ஊரில்
தெருமுனைக்குத் தெருமுனை கயிறு கட்டுவார்கள்.
காற்று அடித்துப் போகாமல்
பிடித்துக்கொண்டு நடப்போம்.
புன்தா அரேனாஸில் பிறந்தவளுக்குக்
கயிறு புதிதல்ல.

அந்தத் துணிச்சலில்தான் பெயர் கொடுத்தேன்,
பழைய கம்பளிக் கிடங்கில்
செவ்வாய்தோறும் ஏழு மணி வகுப்புக்கு.
சுங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம்
முத்திரை குத்திய கை,
தாங்கும் என்று நினைத்தேன்.

யெர்கோ நீட்டிய கயிறு
கப்பலைக் கட்டுகிற தடிமன்.
நடுப்பகுதி சுவர் வளையத்தில்,
நுனி இரண்டும் என் கையில்.
"அலை எழுப்புங்கள்" என்றான்.
பக்கத்தில் மருந்துக்கடை நெல்டா
நீரிணையையே எழுப்பிக்கொண்டிருந்தாள்.
என் கயிறு
தூங்குகிற நாயின் வால்போல
இரண்டு முறை அசைந்தது.
"இன்னும் ஒன்று, மரித்ஸா, ஒன்றே ஒன்று!"
பொய்.
ஒவ்வொரு ஒன்றுக்கும் பின்னால்
இன்னொரு ஒன்று ஒளிந்திருந்தது.

மறுநாள் பெண்டு கழன்றுவிட்டது.
தோளுக்கு மேல் கை எழவில்லை.
மேல்தட்டுச் சர்க்கரை
மேல்தட்டிலேயே இருந்தது.
கசந்த காபியோடு சோபாவில் விழுந்து
கணக்கெடுத்தேன்.
சொன்னபடி கேட்பவை
இரண்டு கட்டைவிரல்கள்.

வால்திவியாவுக்குப் படிக்கப் போன ரயென்
மறந்துவிட்டுப் போன விளையாட்டுக் கருவி
மெத்தையிடுக்கில் கிடந்தது.
அழுத்தினேன்.
ஒரு தீவு.
மஞ்சள் தொப்பி போட்ட வாத்து.
அது நான்தானாம்.

சுடுவதற்கு யாருமில்லை.
கடிகாரம் துரத்தவில்லை.
பூசணி விதைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம்,
மழை பெய்தால் சும்மா நிற்கலாம்.
தபால் கொண்டுவரும் நத்தை
மூன்று நாள் தாமதத்துக்கு
மன்னிப்புக் கேட்டது.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒரு கப்பல்கூட என்னிடம் கேட்டதில்லை.

காற்று என்றால் அங்கே
குளத்தின்மேல் ஓடும் சின்னக் கோடு.
இங்கே
பக்கத்து வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது.
எழுந்து பார்க்கவில்லை.
ஐந்தாவது பூசணி பழுக்கிற நேரம்.

இன்னும் ஒரு நாள், ஒன்றே ஒன்று என்றேன்.
வாத்தின் நாள் பதினான்கு நிமிடம்.
அதுவும் பொய்.
"பாலத்துக்குப் பலகை எங்கே கிடைக்கும்?"
மகளுக்கு அனுப்பினேன்.
"அம்மா, மணி நாலு. உடம்பு சரியில்லையா?"
கொஞ்சம் கழித்து,
"நீர்நாயிடம் கேள். ஜாம் கொடுத்துவிட்டுக் கேள்."

வாத்துக்கு ஐந்து இதயம், மேல் மூலையில்.
மண்ணைக் கொத்தக் கொத்த
ஒவ்வொன்றாய் வெளுக்கும்.
கடைசியும் வெளுத்தால்
நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடும்,
சேற்றில், சந்தை நடுவில், யார் கல்யாணமானாலும்.
யாரும் ஏசமாட்டார்கள்.
நத்தை போர்வை கொண்டுவரும்,
தாமதமாக.

இரண்டு செவ்வாய் டிமிக்கி கொடுத்துவிட்டு
மூன்றாவதில் போனேன்,
தெருக்கயிற்றைப் பிடித்து, எதிர்காற்றில்.
போய்ச் சேர்வதே பாதி வகுப்பு.
அன்று அலை வந்தது.
நெல்டா அளவுக்கில்லை,
ஒரு மீன்பிடிப் படகை ஆட்டுமளவு.
"இன்னும் ஒன்று!"
தரையில் உட்கார்ந்தேன்.
விழவில்லை, உட்கார்ந்தேன்.
"இதயம் தீர்ந்துவிட்டது" என்றேன்.

யெர்கோவின் முகம் வெளுத்தது.
ஆம்புலன்ஸுக்கு எண் அழுத்திவிட்டான்.
வாத்து, கொத்து, நத்தை எல்லாம்
விளக்கி முடிக்கப் பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடமும்
வகுப்பே உட்கார்ந்திருந்தது, நெல்டா உட்பட,
அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

இப்போதெல்லாம் கயிற்றைக் கொடுக்கும்போதே கேட்கிறான்,
"மரித்ஸா, எத்தனை மிச்சம்?"
"இரண்டரை."
"சரி, எட்டு அலை."

பொய்தான்.
மூன்றரை இருக்கிறது.
பாலம் பாதியில் நிற்கிறதே.